அத்தியாயம் 9: டர்போ காருக்குத் தனி மீட்டர், உப்புக்காற்று ஊரில்

கம்பெனி பொருத்திய மீட்டர் பெட்டியைக் கழற்றிப்போட்டுவிட்டு அந்தக் குழிக்குள் வேறு மீட்டர்களைப் பதித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை அங்கே விடாதீர்கள். இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது அல்ல. பழைய பெட்டியைத் தொடாமல், பக்கத்தில் இரண்டு மீட்டரையோ மிஞ்சிப்போனால் மூன்றையோ சேர்ப்பதைப் பற்றியது.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது, வண்டியில் வேகம் காட்டும் மீட்டர் இருந்தாக வேண்டும் என்கிறது. கிலோமீட்டர் கணக்கும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வண்டியை விற்கும் நாளில் உங்கள் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். இன்றைய கார்களில் அந்தப் பெட்டி எஞ்சின் கம்ப்யூட்டரோடும் ஏர்பேக்கோடும் பிரேக்கோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோ மாதிரியான சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் ஏற்பாடே அதற்குள் இருக்கிறது. பெட்டியைக் கழற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அப்படியானால் கூடுதல் மீட்டர் எதற்கு? கம்பெனி முள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. பல கார்களில் டெம்பரேச்சர் முள் வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் சுமார் 75 டிகிரியிலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வாடிக்கையாளர் பயந்துபோய் ஷோரூமுக்கு வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. "அண்ணாச்சி, முள்ளு நடுவுலதான் நின்னுச்சு, திடீர்னு மேல ஏறிட்டு" என்று மெக்கானிக்கிடம் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயில் பிரஷருக்கு அந்த முள்கூடக் கிடையாது, சிவப்பு விளக்கு ஒன்றுதான். பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகே அது எரியும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் ஓடுகிறது. விளக்கு எரியும் நேரத்தில் அந்தப் படலம் போயிருக்கும்.

மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகில் யாராவது அனுமதித்தால் ஏறிப் பாருங்கள். டிரைவர் கண்ணுக்கு நேரே ஆயில் பிரஷருக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் முள் இருக்கும். நடுக்கடலில் வண்டியை ஓரங்கட்ட முடியாது. காரில் போகிற நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால்தான் மீட்டர் என்றதும் அலங்கார நினைப்பு வந்துவிடுகிறது. டர்போ ஊதும் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரை மட்டும் வாங்கி ஏ-பில்லரில் (முன்கண்ணாடி ஓரத் தூணில்) ஒட்டிக்கொண்டு, ஆயில் பிரஷருக்கு ஒன்றும் போடாமல் விடுபவர்கள்தான் அதிகம். என் கணக்கில் வரிசை இப்படி: முதலில் ஆயில் பிரஷர், அடுத்து சூடு (பெட்ரோல் டர்போவுக்கு ஆயில் சூடு, பழைய டீசலுக்குத் தண்ணீர்ச் சூடு), கடைசியில் பூஸ்ட். புகைச்சூடு காட்டும் மீட்டர் மலைப்பாதையில் சுமையிழுக்கும் டீசலுக்கு நல்லதுதான். ஆனால் அதன் உணரியை டர்போவுக்கு முன்னால் பொருத்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் துளைக்க வேண்டும். இரும்புத்தூள் ஒரு பொட்டு உள்ளே விழுந்தாலும் டர்போவின் இறக்கை போய்விடும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் துளைபோடத் துணிபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உப்பு என்ன செய்யும்

வெளியூரில் எழுதிய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் மீட்டர் மாட்டினால் தடுக்கி விழும் இடம் இதுதான். திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டினாலும் சரி, வேம்பார் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் சரி, இரண்டு புறமும் உப்பளம். அங்கிருந்து எழும் தூசி பானட்டுக்குள் வந்து படிகிறது. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆனால் உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். ஆகவே அளத்தூசி படிந்த ஒயர் முனை சித்திரை மாத நண்பகலிலும் உள்ளுக்குள் ஈரமாகத்தான் இருக்கும். செம்பில் பச்சைக் களிம்பு பூக்கிறது, எர்த் போல்ட்டின் கீழே துரு ஏறுகிறது, அந்த இடத்தில் மின்தடை கூடுகிறது.

கூடினால் என்ன? பழைய பாணி மீட்டர்கள் மின்தடையை அளந்துதான் முள்ளை நகர்த்துகின்றன. பரவலாகக் கிடைக்கும் வி.டி.ஓ. வகை ஆயில் பிரஷர் உணரியில் பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 184 ஓம். பிரஷர் ஏற ஏறத் தடை ஏறும். களிம்பு ஒரு 15 ஓம் சேர்த்தால் மீட்டர் இருப்பதைவிடக் கூடுதல் பிரஷர் காட்டும். டெம்பரேச்சர் உணரி இதற்கு நேர் எதிர், சூடு ஏறத் தடை இறங்கும். அதே நிறுவனத்தின் 120 டிகிரி உணரியில் 100 டிகிரிக்கு சுமார் 38 ஓம், 110-க்கு சுமார் 29. இணைப்பில் 10 ஓம் களிம்பு சேர்ந்தால், எஞ்சின் 110-இல் கொதிக்கும்போது முள் 100-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு உணரியும் எதிரெதிராக வேலை செய்கின்றன, உப்பு சேர்ந்தால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்கின்றன: "எல்லாம் நலம்". மீட்டரே இல்லாதவர் சிவப்பு விளக்கையாவது கவனிப்பார். இந்த மீட்டரை நம்புகிறவர் அதையும் கவனிக்கமாட்டார்.

இதனால் இந்தக் கடற்கரையில் வாங்கவேண்டியது 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சைகை தரும் மூன்று ஒயர் உணரியும் அதற்கேற்ற மின்னணு மீட்டரும். சைகை ஒயரில் சில ஓம் கூடினாலும் அதில் அளவு மாறாது. ஒயர் அறுந்தாலோ, சைகை இயல்பான எல்லைக்கு வெளியே போய் மீட்டர் பிழை காட்டும். விலை கூடுதல்தான். அந்தப் பணத்தை முகப்பின் பளபளப்பில் மிச்சம் பிடியுங்கள், உணரியில் பிடிக்காதீர்கள். டெஃபி போன்ற ஜப்பானியப் பெயர்களில் போலிகள் ஏராளமாக உலவுகின்றன. அசலின் விலையில் கால்பங்குக்குக் கிடைத்தால் அது அசல் அல்ல. மின்தடை வகை உணரிதான் கைக்கு எட்டுகிறது என்றால், எஞ்சின் உடம்பு வழியாக எர்த் எடுக்கும் வகையை விட்டு, தனி எர்த் முனை உள்ள இரண்டு ஒயர் வகையைக் கேளுங்கள்.

மாட்டும் முன் மேசையில்

மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் டேஷ்போர்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரி, மீட்டர், உணரி மூன்றையும் மேசைமேல் இணைத்துச் சோதியுங்கள். கடல் மட்டத்தில் வாழ்வதில் நமக்கு ஒரு வசதி உண்டு: தூத்துக்குடியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானலில் இதே சோதனை செய்தால் 93-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து, டெம்பரேச்சர் உணரியின் பித்தளை முனையை மட்டும் அதில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. மீட்டர் 98-க்கும் 102-க்கும் இடையில் காட்டினால் வைத்துக்கொள்ளலாம். 94 காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

பூஸ்ட் மீட்டருக்கு சைக்கிள் பம்பும் டயருக்குக் காற்றடிக்கும் கேஜும் போதும். ஒரு டி-இணைப்பில் மூன்றையும் சேர்த்து, கேஜ் 14 அல்லது 15 பி.எஸ்.ஐ. காட்டும்வரை மெதுவாக அடியுங்கள். மீட்டர் 1 பாரை ஒட்டி நிற்க வேண்டும். பார், பி.எஸ்.ஐ., கிலோ பாஸ்கல் மூன்றும் கடைகளில் கலந்தே கிடைக்கும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., 100 கிலோ பாஸ்கல். வண்டியில் எல்லா மீட்டரும் ஒரே அலகில் இருக்கட்டும். டீசலுக்கு வாங்குகிறவர் பூஜ்யத்திலிருந்து 2 பார் வரை உள்ளதை எடுக்கவும். பெட்ரோல் டர்போவில் ஐட்லிங்கில் முள் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 0.6 பார் பக்கம் போகும், ஆகவே அதற்கு வெற்றிடப் பக்கமும் வேண்டும்.

ஆயில் பிரஷர் உணரியைப் பொருத்துதல்

இருக்கிற சிவப்பு விளக்கு சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் மீட்டர் உணரியைத் திருகிவிடுவது எளிது. அப்படிச் செய்யாதீர்கள், விளக்கும் வேலை செய்ய வேண்டும். இரண்டையும் தாங்க ஒரு டி-இணைப்பு போடுவார்கள். இதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று மரை. ஜப்பானிய எஞ்சின்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க மீட்டர்களோடு வரும் இணைப்பில் 27 சுற்று. கையால் திருகும்போது முதல் இரண்டு சுற்று இரண்டும் சுகமாக ஏறும். பிறகு ஸ்பானர் போட்டு இறுக்கினால் அலுமினிய பிளாக்கின் மரை கிழியும். ஐரோப்பிய எஞ்சின்களில் மில்லிமீட்டர் மரை வேறு. கழற்றிய சுவிட்சைக் கையோடு எடுத்துப்போய் கடையில் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது அதிர்வு. கனமான உணரியை நீண்ட பித்தளை டி-யின் முனையில் தொங்கவிட்டால், டீசல் எஞ்சினின் நடுக்கத்தில் அது கழுத்தில் விரிசல் விடும். நெடுஞ்சாலையில் ஆயில் முழுவதும் சாலைக்குப் போய்விடும். பிளாக்கிலிருந்து கம்பிப் பின்னல் போட்ட ஒரு சிறு ஹோஸ் எடுத்து, உணரியை பாடியில் கிளாம்ப் வைத்து நிறுத்துவதுதான் சரி. ஆயில் ஃபில்டர் முழு டப்பாவாக மாற்றும் வகையென்றால், ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் சாண்ட்விச் பிளேட் இன்னும் வசதி. பிரஷர், சூடு இரண்டு உணரிக்கும் அதிலேயே இடம் இருக்கும். உள்ளே தாள் மட்டும் மாற்றும் வகைக்கு அது பொருந்தாது.

ஆயிலையே ஒரு மெல்லிய குழாயில் காருக்குள் கொண்டுவந்து மீட்டரில் விடும் பழைய முறை இன்னும் விற்பனையில் இருக்கிறது. பாரிஸில் யூஜீன் பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் அதன் உள்ளே இருப்பது. நம்பகமானது, கரண்டே வேண்டாம். டிராக்டரில் இருக்கட்டும், காரில் வேண்டாம். 100 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஆயில் உங்கள் முழங்காலுக்கு மேலே ஒரு நைலான் குழாயில் ஓட வேண்டியதில்லை. பூஸ்ட் மீட்டருக்கு அதே வளைகுழாய் தாராளமாக இருக்கலாம். உள்ளே வருவது காற்றுதான்.

பூஸ்ட் எங்கிருந்து எடுப்பது

இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, த்ராட்டிலுக்குப் பிறகு. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸை ஒருபோதும் வெட்டி டி போடாதீர்கள். அதில் சிறு கசிவு வந்தாலும் டர்போவுக்கு நிறுத்தும் ஆணை போய்ச் சேராது, பூஸ்ட் எல்லை மீறி ஏறும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் தொடவேண்டாம். இப்போதைய பல எஞ்சின்களில், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் அதிலேயே திருகப்பட்டிருக்கும், வெட்ட ஹோஸே இருக்காது. அதற்கு அந்த மாடலுக்கென்று வரும் இடைத்தகடு வாங்க வேண்டும். முள் துடித்துக்கொண்டே இருந்தால் ஹோஸுக்குள் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள சிறு அடைப்பான் போட்டால் அடங்கும்.

வாங்கிய மீட்டரையும், கோளாறு கண்டறிய வண்டியிலேயே வரும் ஓ.பி.டி. துளையில் செருகிய அடாப்டர் மூலம் போனில் பார்க்கும் எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் உண்டு. வித்தியாசம் புரியக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்த இந்தக் கடலில் இன்றும் சங்கு குளிப்பவர்கள் இறங்குகிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அவர்கள் உடம்பின் மேல் 2 பார் அழுத்தம் இருக்கும். அதில் கடல் தந்தது 1, மேலே எப்போதும் இருக்கும் காற்று தந்தது 1. பூஸ்ட் மீட்டர் கடல் தந்ததை மட்டும் சொல்வது போல, ஓ.பி.டி. எண் மொத்தத்தையும் சொல்வது போல. எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து மட்டும் பாருங்கள்: மீட்டர் பூஜ்யம், போன் 100 அல்லது 101 கிலோ பாஸ்கல். தூத்துக்குடியில் இதிலிருந்து வெகுவாக விலகிய எண் வந்தால் உணரியில் கோளாறு இருக்கலாம். ஓ.பி.டி.யின் வழக்கமான மேப் அளவு ஒரே பைட்டில் வருவதால் 255-க்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. 1.55 பாருக்கு மேல் ஊதும் டீசல்களில் போன் 255-லேயே ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

கொடைக்கானல் ஏறும்போது மீட்டர் வழக்கத்தைவிட 0.2 பார் கூடக் காட்டினால் பயப்படவேண்டாம். அங்கே வெளிக்காற்றே 0.8 பாருக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் கம்ப்யூட்டர் மொத்தத்தைத்தான் குறிவைக்கிறது, ஆகவே டர்போ அந்த வித்தியாசத்தையும் சேர்த்து ஊதுகிறது. மலையில் மூச்சு வாங்குவது டர்போவுக்கும் உண்டு, கீழே இறங்கியதும் இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப்பை ஒருமுறை பாருங்கள்.

ஒயரிங்

கரண்ட் எடுக்க ஃபியூஸ் பெட்டியில் செருகும் ஃபியூஸ் டேப் வாங்குங்கள். மீட்டருக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். கம்பெனி ஒயரைச் சீவி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றும் முறை எங்கும் தப்பு, இங்கே இரட்டைத் தப்பு: வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவும், உப்பு உள்ளே புகும். ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் உறையில் வரும், அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

பானட்டுக்குள் போகும் ஒயருக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைக் கேளுங்கள். படகு வேலைக்கென்று வரும் கம்பி அது, கார் சாமான் கடையில் இல்லையென்றால் விசைப்படகுச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். இணைப்புகளை கிரிம்ப் செய்து, உள்ளே பசை பூசிய சுருங்கும் குழாயால் மூடுங்கள். கனெக்டருக்குள் சிலிக்கோன் கிரீஸ். எர்த்தை, பெயின்ட் அடித்த தகட்டில் ஸ்க்ரூ போட்டு எடுக்காமல், கம்பெனி எர்த் போல்ட் இருக்கும் இடத்திலேயே எடுத்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முடித்ததும் மல்டிமீட்டரால் ஒரு சோதனை: எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஏ.சி.யும் ஆன். மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வருடந்தோறும் இதை மறுபடி செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரென்றால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் துடைத்து மெருகேற்றி விற்கப்பட்டிருக்கலாம். டேஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றும்போது கார்ப்பெட்டுக்கு அடியிலும் கனெக்டர்களுக்குள்ளும் வண்டல் கோடு தெரிந்தால், மீட்டர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் பழைய ஒயரிங்கைச் சரிபார்க்கக் கொடுங்கள்.

எங்கே மாட்டுவது

52 மில்லிமீட்டர் அளவு போதும், 60 கண்ணை மறைக்கும். ஏ-பில்லரில் மாட்டும் கூடுகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தத் தூணுக்குள்தான் அதன் முன்முனை இருக்கிறது. வெடிக்கும்போது மீட்டரை முகத்துக்குத் தள்ளும். பயணி ஏர்பேக் மூடிக்கு மேலேயும் எதுவும் கூடாது. பழைய போலேரோ, இன்னோவா வகைகளில் ஸ்டீரிங்குக்கு இடது பக்கம், ஏ.சி. துவாரத்தின் உயரத்தில் ஒரு சிறு கூடு செய்துகொள்ளலாம். கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டின் மேல்தளத்தில் வைத்தால், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் திரவப் படிகத் திரை கறுத்துப்போகும். முள் வகை தாங்கும்.

முதல் ஓட்டம்

கசிவு பார்க்க ஐந்து நிமிடம் ஐட்லிங், அணைத்து ஆயில் அளவு, பிறகு சாலை. மதுரை நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் வரை போய்வந்தால் எல்லா நிலைமையும் கிடைத்துவிடும். எஞ்சின் முழுச் சூட்டில் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் 1 பாரை ஒட்டி, ஆயிரம் சுற்றுக்கு 0.7 பார் வீதம் ஏறினால் பொதுவாக நலம். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு. ஆயில் சூடு 90-க்கும் 110-க்கும் இடையில் இருக்கட்டும், 130 தாண்டினால் காலை எடுங்கள். நான்காவது கியரில் 2,500 சுற்றில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது எவ்வளவு பூஸ்ட் என்பதையும், இந்த மற்ற எண்களையும், தேதியோடு சர்வீஸ் நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சாலையில் பூஸ்ட் 0.2 குறைந்திருந்தால் இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல் தேடலாம். ஆயில் பிரஷர் அரை பார் கூடியிருந்தால் மகிழவேண்டாம், களிம்பைத் தேடுங்கள்.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியென்றால் ஒயர் எதையும் வெட்டாமல் ஓ.பி.டி. திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். சூடும் பூஸ்டும் அதில் வரும், ஆயில் பிரஷர் பெரும்பாலான வண்டிகளில் வராது. இரவில் அடாப்டரைக் கழற்றிவையுங்கள். மலிவு அடாப்டர்கள் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கழற்றிய கம்பெனி உதிரிகளை, ஒரு பழைய வாஷராக இருந்தாலும், பெயரெழுதிய பையில் போட்டு ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போது மீட்டர்களை எடுத்துக்கொண்டு டி-இணைப்பையும் கழற்றி, சுவிட்சைப் புது வாஷரோடு அதன் பழைய துளையில் திருகிக் கொடுத்துவிடலாம்.